கட்டு இறுகினால் கால் தாங்காது



சென்ற இதழில் பாம்புக்கடி பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை காய்ச்சல் பற்றி எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டில் நடந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. எங்கள் வீடுகளில் ஏதாவது ஒரு மூலையில் கிடக்கும் அந்த மண்நிறத் துணிச்சுருளைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். பாமசியில் கிறேப் பன்டேஜ் என்று கேட்டால் தருவார்கள். இலாஸ்ரிக் பன்டேஜ் என்றும் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு 2009 ஏப்ரலில் செல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அவளுடைய அண்ணனுக்கு அதற்கு முன்னரே மிதிவெடியில் ஒரு கால் போயிருந்தது. கணவர் நோயில் இறந்து ஒன்பது வருடமாகிறது. அந்த வீட்டில் அண்ணனும் தங்கையும் அவளுடைய பதினைந்து வயது மகளும் இருக்கிறார்கள். மகள் நல்ல உயரம். பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் கோல் போடுகிற இடத்தில் நிற்பவள். புன்னாலைக்கட்டுவனுக்கு அருகில் ஏவினையில் பிறந்து, இலங்கை அணிக்காக உலகக் கிண்ணம் வரை விளையாடிய தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். 6 அடி 10 அங்குலம் உயரமான அந்தப் பெண்ணைப் போல் தானும் வளருவேன் என்று சின்ன வயதில் சொல்லிக்கொண்டு திரிந்தவள். உயரம் அந்தளவுக்கு வரவில்லை. ஆனால் குறி தப்பாது.

வலயமட்டப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில், பயிற்சியின்போது பந்தைப் பிடிக்க எழும்பியவள் இறங்கும்போது இன்னொரு பிள்ளையின் பாதத்தில் மிதித்துவிட்டாள். வலது கால் உட்பக்கமாக மடங்கிவிட்டது. வலைப்பந்தாட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்து கையில் வந்துவிட்டால் ஓட முடியாது. ஓடிவந்த வேகத்தையெல்லாம் அந்த இடத்திலேயே கணுக்கால் தாங்கி நிறுத்த வேண்டும். அதனால்தான் அந்த விளையாட்டில் கணுக்கால் சுளுக்கு இவ்வளவு அதிகம்.

பிள்ளை கெந்திக் கெந்தி வீட்டுக்கு வந்தாள். கணுக்காலின் வெளிப்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. தாய் பழைய கிறேப் பன்டேஜை எடுத்து, தனக்குத் தெரிந்த மாதிரி நன்றாக இழுத்துக் கட்டிவிட்டாள். இரவு அந்தக் கட்டோடேயே பிள்ளை படுத்திருக்கிறாள். நடுச்சாமத்தில் கால் "எரியுது, விறைக்குது" என்று சொல்லியிருக்கிறாள். சுளுக்கு நோவாக்கும் என்று பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

விடிய ஐந்தரை மணிக்கு வேலியால் கூப்பிட்டாள். "அக்கா, ஒருக்கா ஓடியாங்கோ. பிள்ளையின்ரை கால்விரல் எல்லாம் நாவல்பழம் மாதிரி இருக்குது."

போய்ப் பார்த்தேன். விரல்கள் நீலம் பாரித்து, தொட்டால் குளிர்ந்து இருந்தன. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு விட்டேன். வெளிறிய நிறம் திரும்பி வர நேரம் எடுத்தது. உடனே கட்டை அவிழ்த்தேன். சுற்றுச் சுற்றாகத் தோலில் பள்ளம் விழுந்திருந்தது. காலை உயர்த்தி வைத்துக்கொண்டு இருந்தோம். பத்து நிமிடமளவில் விரல்களுக்கு நிறம் வந்தது. உணர்வும் வந்தது. வரும்போது பிள்ளை அழுத அழுகையை இங்கே எழுதவில்லை.

தாய் ஒன்றும் பேசவில்லை. பொய்க்காலைப் போடாமலே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்த வீட்டில இரண்டு காலும் இருக்கிற ஆள் அவள் ஒருத்திதான் அக்கா. அதையும் நானே கெடுத்துப்போட்டேனோ?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த கட்டு வேறு. கால் இழந்த சகோதரிகள் பலர் இந்தப் பத்தியை வாசிப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காயம் ஆறியபின் மிஞ்சிய காலை இதே கிறேப் பன்டேஜால் நுனியிலிருந்து மேல்நோக்கி எட்டுப் போட்டுச் சுற்றுவார்கள். நுனியில் இறுக்கம் கூட, மேலே போகப் போகக் குறைவு. வீக்கம் வற்றி, பொய்க்கால் போடுவதற்கேற்ற வடிவம் வருவதற்காக அது. பகலிலும் கட்டியிருக்கும், இரவிலும் கட்டியிருக்கும். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவார்கள். மாதக்கணக்கில் தன் காலைத் தானே அப்படிச் சுற்றிப் பழகிய கை, மகளின் கணுக்காலையும் அப்படியே சுற்றிவிட்டது. இடையில் அவிழ்த்துப் பார்க்கும் பகுதியை மட்டும் அன்று இரவு நித்திரை விழுங்கிவிட்டது.

நானும் இதே பிழையை விட்டவள்தான். அன்று அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, முதலுதவி தெரிந்தவள் என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் வைத்தியர் அல்ல. ஒரு வாரப் பயிற்சி எடுத்தவள், அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கால் பிரண்டு விழுந்த ஓர் அம்மாவுக்குச் சீலைத் துண்டால் இறுக்கிச் சுற்றிவிட்டேன். இறுக்கினால்தான் பலம் என்று நினைத்தேன். அவவுக்கு நீரிழிவு இருந்ததைக் கேட்கவில்லை. நீரிழிவுக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும். நொந்தாலும் தெரியாது. அடுத்த நாள் அவிழ்த்தபோது குதிக்காலுக்கு மேலே தோல் உரிந்திருந்தது. அந்தப் புண் ஆற எத்தனை மாதம் எடுத்தது என்பது எனக்கும் அவவுக்கும்தான் தெரியும். ஒருநாளும் அவ என்னைக் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனி விடயத்துக்கு வருவோம்.

சுளுக்கு என்றால் என்ன? எலும்பையும் எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபட்டு, சிலவேளை கிழிந்தும் போவதுதான். கணுக்காலில் பெரும்பாலும் வெளிப்பக்க நார்கள்தான் அகப்படும். நாரோடு சேர்ந்து சிறிய இரத்தக் குழாய்களும் கிழியும். இரத்தமும் நீரும் அந்த இடத்தில் தேங்குவதுதான் வீக்கம். வெளியிலிருந்து மெதுவான, ஒரே சீரான அழுத்தம் கொடுத்தால் தேங்குவதற்கு இடம் குறையும். இழுபடும் துணியின் முதல் வேலை இதுதான். இரண்டாவது வேலை, தோலில் தொட்டுக்கொண்டிருப்பதால் "இந்த மூட்டுப் பழுதாக இருக்கிறது, கவனம்" என்று மூளைக்கு நினைவூட்டுவது.

அது செய்யாத வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். கால் மறுபடியும் மடங்குவதைத் தடுக்கும் பலம் இந்தத் துணிக்கு இல்லை. இழுபடுகிற பொருள் எப்படி மடங்குவதைத் தடுக்கும்? அன்று காலை பயிற்றுவிக்கும் ஆசிரியை தொலைபேசியில், "நல்லா இறுக்கிக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ, அரைவாசி நேரமாவது விளையாடட்டும்" என்றார். அவரும் அந்தப் பிள்ளையின் நன்மையைத்தான் நினைத்திருப்பார். ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டு விளையாடலாம் என்பது வெறும் துணிச்சல். பாதி கிழிந்த நார் முழுதாகக் கிழிவது இப்படித்தான். இங்கிலாந்தில் கடுமையான கணுக்கால் சுளுக்கு வந்த 584 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. நடக்க முடியாதளவுக்கு மோசமான சுளுக்கில், குழாய் போன்ற இழுபடும் துணியை மட்டும் போட்டவர்களைவிட, பத்து நாள் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரர் போட்டவர்கள் விரைவாகக் குணமடைந்தார்கள். ஆகவே சுளுக்கு எல்லாவற்றுக்கும் கிறேப் பன்டேஜ் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

சுளுக்கா, முறிவா என்று எப்படி அறிவது? கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் ஒரு எளிய வழியை எழுதி வைத்தார்கள். உலகம் முழுவதும் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும் எலும்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியையும் அங்கிருந்து பின்பக்க விளிம்பில் ஆறு சென்ரிமீற்றர் மேலே வரைக்கும் விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளிப்பக்க விளிம்பில், சின்ன விரலுக்கு நேரே, நடுப்பாதத்தில் புடைத்திருக்கும் எலும்பையும் உட்பக்கத்தில் அதற்கு நேரே உள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பிலேயே நொந்தால் எக்ஸ்ரே வேண்டும். விழுந்த உடனேயும், பிறகு ஆஸ்பத்திரியிலும் நான்கு அடி வைத்து நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் நடைதான். கால் கோணலாகத் தெரிந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், விரல் விறைத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம், அப்படியே அசைக்காமல் கொண்டு போங்கள்.

எங்கள் பிள்ளைக்கு வெளிப்பக்க எலும்பின் நுனியில் நோவு இருந்தது. ஓட்டோ பிடித்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

இனிக் கட்டும் முறை. பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் ஒருமுறை வீட்டில் செய்து பழகிப் பாருங்கள். தேவை வரும் அன்று பழகினால் கை நடுங்கும்.

கணுக்காலுக்கு மூன்று அங்குல அகலத் துணி போதும். மணிக்கட்டுக்கு இரண்டு, முழங்காலுக்கு நான்கு முதல் ஆறு. துணி முதலில் இறுக்கமாகச் சுருட்டப்பட்டிருக்க வேண்டும். குழம்பிய துணியால் ஒருநாளும் ஒழுங்காகச் சுற்ற முடியாது. பிள்ளையைக் கதிரையில் இருத்தி, காலை முன்னால் நீட்டி வையுங்கள். பாதம் காலுக்குச் செங்கோணமாக, பெருவிரல் முகட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பாதம் கீழே தொங்கினபடி கட்டினால் நடக்கும்போது துணி வெட்டும்.

விரல்களின் அடியில் தொடங்கி இரண்டு சுற்று, நழுவாமல் இருப்பதற்காக. விரல்கள் ஐந்தும் வெளியே தெரிய வேண்டும், அவைதான் உங்களுக்குத் தகவல் சொல்லப்போகிறவை. பிறகு பாதத்தின் மேலே குறுக்காகக் கொண்டுபோய், கணுக்காலுக்குப் பின்னால் சுற்றி, மறுபடி பாதத்தின் மேலே குறுக்காக இறக்கி, உள்ளங்காலின் கீழே கொண்டுவாருங்கள். இதுதான் எட்டுப் போடுதல். வெளிப்பக்கம் சுளுக்கியிருந்தால், உள்ளங்காலின் கீழே போகும் ஒவ்வொரு சுற்றும் உட்பக்கத்தால் இறங்கி வெளிப்பக்கத்தால் மேலே ஏறுவதாக இருக்கட்டும். அப்போதுதான் நொந்த பக்கம் தாங்கும். மாறிச் சுற்றினால் மடங்கின பக்கத்துக்கே இழுத்துக் கட்டினதாகப் போகும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூட வேண்டும். இடையில் தோல் தெரிந்தால் அந்த இடைவெளிக்குள் வீக்கம் பிதுங்கி நிற்கும். குதிக்காலையும் மூடி, கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அகலம் போனதும் நிறுத்துங்கள். துணியோடு வரும் சின்னக் கொழுவிகள் கழன்று தோலில் குத்தும், ஒட்டுப் பிளாஸ்ரரால் ஒட்டுவது நல்லது.

எவ்வளவு இழுப்பது? இதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. இழுபடக்கூடிய அளவில் பாதி. அதற்கு மேல் வேண்டாம். மெலிந்த காலுக்கு அதிலும் குறைவு. ஒரே இழுப்பில் சுற்றினாலும், தடித்த காலைவிட மெலிந்த காலில் அழுத்தம் கூடுதலாக விழும். கால் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு இறுக்கம், இது இயற்கை விதி. எங்கள் பிள்ளைகளின் கால்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சுற்றின் மேல் சுற்று ஏறும்போதும் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். நீளம் மிஞ்சியிருக்கிறதே என்று அதே இடத்தில் நாலைந்து தரம் சுற்ற வேண்டாம். மிஞ்சியதை வெட்டினாலும் நட்டமில்லை.

கட்டி முடிந்ததும் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளிறி, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு தரம். காலையிலும் மாலையிலும் அவிழ்த்துத் தோலைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். விரல் குளிர்ந்தால், நீலம் பாரித்தால், விறைத்தால், ஊசி குத்தினால், நோவு குறையாமல் ஏறினால் யாரையும் கேட்கக் காத்திராமல் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்த பின்னும் மாறாவிட்டால் ஆஸ்பத்திரி.

படுக்கும்போது கழற்றிவிட வேண்டும். நாங்கள் நித்திரையானாலும் அந்தத் துணிக்கு நித்திரை இல்லை. அது சுருங்கப் பார்த்துக்கொண்டேயிருக்கும். நடக்கும்போது தசை அசைவதால் இரத்தம் ஓடும், படுத்திருக்கும்போது அந்த உதவியும் இல்லை. இரவில் கட்டு வேண்டாம், தலையணை இரண்டை அடுக்கி, நெஞ்சுக்கு மேலான உயரத்தில் காலை வைத்தால் போதும். நீரிழிவு உள்ளவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள், முன்பு செல் துண்டு பட்டுக் காலில் உணர்வு குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் ஐஸ் நோவைக் குறைக்கும். துணியில் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். நேரே தோலில் வைத்தால் ஐஸும் சுடும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணி. ஓய்வு, ஐஸ், அழுத்தம், உயர்த்தல் என்ற நாலையும் 1978இல் சேர்த்து எழுதியவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க வைத்தியர். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதமாக்கலாம் என்று தன் கருத்தை மாற்றி எழுதினார். பிழை என்று தெரிந்ததும் திருத்தி எழுத ஒரு மனசு வேண்டும். இன்றைய வைத்தியர்கள் நோவு விடுகிற அளவுக்கு வெள்ளனவே காலை அசைக்கத்தான் சொல்கிறார்கள்.

எண்ணெய் போட்டு உருவுவது, சுடு ஒத்தடம், புக்கை கட்டுவது எல்லாம் முதல் சில நாட்களுக்கு வேண்டாம். கிழிந்த குழாய்களில் சூடும் உருவலும் பட்டால் இரத்தம் கசிவது கூடும். முறிவு நெரிவு வைத்தியரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு முறிவு வைத்தியர் எக்ஸ்ரே இல்லாமல் காலில் கை வைக்க மாட்டார். அப்படியானவரிடம் போங்கள்.

எங்கள் பிள்ளை வலயமட்டப் போட்டிக்குப் போகவில்லை. அணி தோற்றுவிட்டது. இரண்டு நாள் என்னோடும் தாயோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கட்டிலில் இருந்தபடி பெருவிரலால் அந்தரத்தில் அ முதல் ஔ வரை எழுதச் சொன்னேன். ஆங்கில எழுத்தைத்தான் வழக்கமாக எழுதச் சொல்வார்கள். எங்கள் எழுத்துகளில் வளைவும் சுழியும் கூட, கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பும். "ஔ எழுதேக்க நோகுது மாமி" என்றாள். அப்படியானால் ஓ வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்து என்றேன். ஒரு வாரத்தில் நோவில்லாமல் ஔ வந்தது. பிறகு சுவரருகே ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்கும் பயிற்சி. இதை அசட்டை செய்ய வேண்டாம். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவதற்கு, சமநிலை உணர்வு மழுங்கிப்போவதும் ஒரு பெரிய காரணம்.

ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியில் பிள்ளைக்குத் துணையாகத் தாயும் நின்றாள். யார் கூட நேரம் நிற்பது என்று போட்டி. தாய்தான் வென்றாள். பதினைந்து வருடத்துக்கு மேல் பயிற்சி உள்ளவளோடு போட்டி போடலாமா? அண்ணன் திண்ணையிலிருந்து விநாடி எண்ணினார். அந்த வீட்டில் அப்படிச் சிரித்ததை நான் நெடுநாளாகக் கேட்கவில்லை.

நோவில்லாமல் அந்தக் காலால் மட்டும் பத்துத் தரம் துள்ளினால்தான் மைதானத்துக்கு விடலாம் என்று தாய்க்குச் சொல்லியிருந்தேன். ஆறாவது வாரம் துள்ளினாள். விளையாடும்போது கணுக்காலுக்குக் கயிறு கட்டும் உறை ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது கிறேப் பன்டேஜைவிட நன்றாகத் தாங்கும். விலைதான் கூட. பாடசாலையில் ஒரு சோடி வாங்கி எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கலாமே என்று ஆசிரியையிடம் தாயே போய்க் கேட்டாள். வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

கிறேப் பன்டேஜைத் துவைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு போகும், நிழலில் பரப்பிக் காயவிடுங்கள். இஸ்திரிக்கை போட வேண்டாம். இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்காத துணியை எறிந்துவிடுங்கள், அல்லது தூசி துடைக்க வைத்திருங்கள்.

போன கிழமை பிள்ளை வந்து பழைய துணிச்சுருளைக் கேட்டு வாங்கிப் போனாள். பாடசாலைப் பைக்குள் வைத்திருக்கிறாளாம். அணியில் யாருக்குக் கால் பிரண்டாலும் இவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். கட்டிவிட்டு, விளையாட விடாமல் பக்கத்திலேயே இருந்து, பதினைந்து நிமிடம் கழித்து நகத்தை அழுத்திப் பார்க்கிறாளாம்.

காய்ச்சல் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.